ரிப்போர்ட்டில் பி53 என்று போட்டிருக்கிறதே! வாய்ப்புற்றும் காவல் புரதங்களும்: கேள்வி பதில்

நான் வாய் நோய்களுக்கான பத்தாலஜி மருத்துவர். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஃபார்மலின் டப்பாவில் வரும் சதைத் துண்டை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. நாங்கள் எழுதும் நாலு எழுத்தும் இரண்டு எண்ணும் ஒரு வீட்டின் தூக்கத்தையே கெடுத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். பி53, பி16, ஆர்.பி. ஆகியவற்றைப் பற்றித்தான் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் செல்கள் கண்டபடி பெருகாமல் தடுக்கும் புரதங்கள். கட்டியடக்கிப் புரதங்கள் என்போம். இவற்றை வைத்து நோயின் போக்கை எவ்வளவு தூரம் சொல்ல முடியும் என்பதே பெரும்பாலான கேள்விகளின் சாரம். கேள்விகள் வந்த வரிசையிலேயே போகிறேன்.

கேள்வி (நோயாளியின் மகள், மதுரை): அப்பாவுக்குக் கன்னத்தின் உட்புறம் புற்று. பயாப்சி ரிப்போர்ட்டில் 'பி53 பாசிட்டிவ்' என்று இருக்கிறது. பி53 புற்றைத் தடுக்கும் நல்ல புரதம் என்று படித்தேன். அது அப்பாவுக்கு நிறைய இருக்கிறதென்றால் நல்ல செய்திதானே டாக்டர்?

பதில்: உங்களைப் போல நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் இங்கே கணக்கு தலைகீழ். பொறுமையாகப் படியுங்கள் அம்மா.

நல்ல நிலையில் இருக்கும் செல்லில் பி53 கொஞ்சம்தான் இருக்கும். உண்டான அரை மணி நேரத்துக்குள் அது சிதைக்கப்பட்டுவிடும். எம்.டி.எம்.2 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்துக் கொண்டுபோய் அழிக்கக் கொடுத்துவிடுகிறது. டி.என்.ஏ.வில் அடிபட்டால் மட்டும் இந்த அழிப்பு நிற்கும். அப்போது பி53 ஏறும். ஏறியதும் 'பெருகுவதை நிறுத்து, முதலில் பழுதைப் பார்' என்று செல்லுக்கு உத்தரவு போகும். பழுது சரியாகாவிட்டால் அந்தச் செல்லையே சாக வைத்துவிடும்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. எம்.டி.எம்.2-வை உற்பத்தி செய்யச் சொல்வதே பி53தான். தன்னைக் கட்டுப்படுத்துகிறவரைத் தானே வேலைக்கு வைத்தது போல. இப்போது பி53-இன் மரபணுவில் ஒரு எழுத்து மாறிப் புரதம் கெட்டுப்போனது என்று வையுங்கள். அதற்கு உத்தரவு போடத் தெரியாது. எம்.டி.எம்.2-வும் உருவாகாது. அழிக்க ஆளில்லாமல் அந்தக் கெட்ட புரதம் செல்லின் உட்கருவில் குவிந்து கிடக்கும். நாங்கள் சாயமேற்றும்போது பழுப்பு நிறத்தில் தெரிவது அந்தக் குவியல்தான். ஆக, புற்றுச் செல்கள் எல்லாவற்றிலும் பழுப்பு அடர்த்தியாகத் தெரிந்தால் பெரும்பாலும் பி53 கெட்டுவிட்டது என்றே பொருள்.

அதற்காக உடைந்துபோகாதீர்கள். தலை, கழுத்துப் புற்று 279 பேரின் கட்டிகளை மரபணு மரபணுவாக ஆராய்ந்து அமெரிக்காவில் 2015-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா) வைரஸ் சம்பந்தப்படாத கட்டிகளில் நூற்றுக்கு 84-இல் பி53 மரபணு கெட்டிருந்தது. புகையிலை, பாக்கு, மதுவால் வரும் வாய்ப்புற்றில் இது கெட்டிருப்பதுதான் வழக்கம். சிகிச்சை எடுத்து நன்றாக இருப்பவர்களிலும் பலருக்கு இதே முடிவு இருந்திருக்கும். அந்த ஒரு வரியை வைத்து அப்பாவின் நாட்களை எண்ணாதீர்கள்.

கேள்வி (வாய்நோய்க்கூற்றியல் முதுகலை மாணவி): மேடம், எங்கள் துறையில் பி53 சாயமே ஏறாத கேஸ்களை 'நெகட்டிவ்' என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியா?

பதில்: முழுக்கச் சரியில்லை. இதைச் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததில் சந்தோஷம். ஆங்காங்கே சில செல்களில் மட்டும் வெளிறியும் அடர்ந்தும் கலந்து தெரிந்தால் அது இயல்பான பி53. எல்லாச் செல்லிலும் அடர்த்தியாகத் தெரிந்தால் மாறிய பி53. புற்றுச் செல்லில் துளியும் தெரியாமல், பக்கத்திலுள்ள நார்த்திசுச் செல்களிலும் லிம்போசைட்டுகளிலும் மட்டும் லேசாகத் தெரிந்தால் அதுவும் கெட்டதுதான். புரதம் பாதியில் அறுந்துபோய் உருவாகாமலே போயிருக்கும். இதை 'நெகட்டிவ்' என்று எழுதினால் மருத்துவர் அதை நல்லது என்று எடுத்துக்கொள்வார். அப்புறம், பக்கத்துத் திசுவிலும் சாயம் இல்லையென்றால் அன்றைக்குச் சாயமே வேலை செய்யவில்லை என்று அர்த்தம். திரும்பச் செய்யுங்கள். சதவீதத்தை மட்டும் எழுதாமல் எந்த வகை என்றும் எழுதப் பழகுங்கள்.

கேள்வி (அதே மாணவி): அப்படியானால் பி53-ஐ வைத்து உயிர்பிழைப்பைக் கணிக்கலாமா? ஒரு கட்டுரை ஆம் என்கிறது, அடுத்தது இல்லை என்கிறது. தீசிஸுக்கு எதை எடுப்பது?

பதில்: என் கருத்து இது: பி53-இல் தகவல் இருக்கிறது, ஆனால் சாயத்தின் வழியாகப் பார்த்தால் அது மங்கித் தெரிகிறது. 2007-இல் வந்த ஒரு ஆய்வைக் கட்டாயம் படியுங்கள். 420 நோயாளிகளின் கட்டியில் மரபணுவின் எழுத்துகளையே வரிசையாகப் படித்தார்கள். 224 பேருக்கு மாற்றம் இருந்தது. அதோடு நிற்காமல், புரதத்தின் வடிவத்தையே குலைக்கும் மாற்றம், குலைக்காத மாற்றம் என்று இரண்டாகப் பிரித்தார்கள். குலைக்கும் மாற்றம் இருந்தவர்களுக்கு இறப்பு அபாயம், மாற்றமே இல்லாதவர்களைவிட ஏறத்தாழ 1.7 மடங்கு. மற்ற மாற்றங்களுக்கு அப்படித் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அதாவது, எப்படிக் கெட்டது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பழுப்புச் சாயம் அதைச் சொல்லாது.

கட்டுரைகள் முரண்படுவதற்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். ஒருவர் 10 சதவீதத்துக்கு மேல் பாசிட்டிவ் என்பார், இன்னொருவர் 50 என்பார். நாக்கு, கன்னம், குரல்வளை, தொண்டை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டிருப்பார்கள். சாயமே ஏறாத கேஸ்களை நல்ல பக்கத்தில் சேர்த்திருப்பார்கள். நாற்பது நோயாளிகளை வைத்துக்கொண்டு முடிவு சொல்லியிருப்பார்கள். நீங்கள் தீசிஸ் எழுதும்போது ஒரே இடத்துப் புற்றை எடுங்கள். எல்லைக்கோட்டை முன்கூட்டியே தீர்மானியுங்கள், முடிவு வந்தபின் மாற்றாதீர்கள். நோயாளிகளைக் குறைந்தது மூன்று வருடமாவது பின்தொடர்ந்த மருத்துவமனைப் பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் எத்தனை ஸ்லைடு பார்த்தும் பயனில்லை.

கேள்வி (நோயாளியின் தம்பி, சேலம்): அண்ணனுக்கு நாக்கின் ஓரத்தில் புற்று. பி16 நெகட்டிவ் என்று வந்திருக்கிறது. பி16 பாசிட்டிவ் என்றால்தான் நன்றாகக் குணமாகும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. அண்ணனுக்கு வாய்ப்பு குறைவா?

பதில்: தம்பி, நீங்கள் படித்தது பொய்யில்லை. ஆனால் அது வேறு இடத்துப் புற்றைப் பற்றியது.

வாயை ஆவென்று திறந்தால் கண்ணாடியில் தெரியும் நாக்கு ஒரு பகுதி. அதற்குப் பின்னால், தொண்டைக்குள் இறங்கும் அடிநாக்கும் டான்சிலும் இன்னொரு பகுதி. அடுத்தடுத்து இருந்தாலும் புற்றுநோயைப் பொறுத்தவரை இரண்டும் தனித்தனி ஊர். அடிநாக்கு, டான்சில் புற்றுகளில் ஒரு பங்கு எச்.பி.வி. வைரஸால் வருகிறது. அந்த வைரஸின் ஈ7 என்ற புரதம் நம் செல்லின் ஆர்.பி. புரதத்தைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். செல் பெருகாமல் பூட்டி வைப்பது ஆர்.பி.யின் வேலை. பி16 அந்தப் பூட்டைத் திறக்கும் நொதிகளைத் தடுக்கும் புரதம். பூட்டே உடைந்துபோனதும் பி16 மேலும் மேலும் உருவாகிக் குவிகிறது, ஆனால் அதனால் பயனில்லை. அந்தக் குவியலைப் பார்த்துத்தான் 'இங்கே வைரஸ் வேலை செய்திருக்கிறது' என்று தெரிந்துகொள்கிறோம். நூற்றுக்கு 70 செல்களிலாவது அடர்த்தியாகத் தெரிந்தால்தான் பாசிட்டிவ் என்று எழுதுவோம்.

வைரஸால் வந்த தொண்டைப் புற்று ரேடியேஷனுக்கு நன்றாகக் கட்டுப்படும். 2010-இல் வந்த ஆய்வில் அப்படிப்பட்டவர்களில் மூன்று வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள் 82.4 சதவீதம், வைரஸ் இல்லாதவர்களில் 57.1 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு பெரிது என்பதால் 2018-இல் நடைமுறைக்கு வந்த, ஸ்டேஜ் பிரிக்கும் ஏ.ஜே.சி.சி. என்ற அமெரிக்கக் கையேட்டின் எட்டாம் பதிப்பில் பி16 பாசிட்டிவ் தொண்டைப் புற்றுக்கு ஸ்டேஜ் கணக்கையே தனியாக எழுதினார்கள். நீங்கள் படித்தது இந்தச் சேதிதான்.

உங்கள் அண்ணனுக்கு வந்திருப்பது முன்நாக்கில். அங்கே வைரஸின் பங்கு மிகக் குறைவு. புகையிலையாலும் பாக்காலும் வரும் புற்றில் பி16-இன் மரபணு ஆரம்பத்திலேயே அறுந்துபோவது வழக்கம். ஆகவே நெகட்டிவ் என்று வருவது எதிர்பார்த்ததுதான். அதை வைத்து அண்ணனின் ஸ்டேஜும் மாறாது, சிகிச்சையும் மாறாது. முன்நாக்குப் புற்றுக்கு இந்தச் சோதனையே பொதுவாகத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி (நோயாளியின் மனைவி): இந்தப் புரதங்களை வைத்து முழுசாகச் சொல்ல முடியாதென்றால், ரிப்போர்ட்டில் நான் எதைத்தான் பார்ப்பது?

பதில்: இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும் என்று நினைப்பேன். ஆபரேஷனுக்குப் பின் வரும் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழுத்து நெறிக்கட்டிகளில் புற்று பரவியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாய்ப்புற்றில் இதற்கு ஈடான சேதி வேறு இல்லை. ஒரு நெறிக்கட்டியில் இருந்தாலும் பிழைப்பு வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகும் என்று மருத்துவர்கள் சொல்வது வழக்கம். நெறிக்கட்டியின் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வழக்கமாக ரேடியேஷனோடு கீமோவும் சேர்ப்பார்கள். அடுத்து, கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்பது. 5, 10 என்ற இரண்டு எண்களைத் தாண்டும்போது ஸ்டேஜ் ஏறும். வெட்டிய ஓரத்தில் புற்று இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதையும் பாருங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் நிம்மதி. நரம்பைச் சுற்றிப் படர்ந்திருக்கிறதா என்ற வரியும் இருக்கும்.

நெறிக்கட்டியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் அனில் டி'குரூஸ் குழுவினர் 2015-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆரம்பகட்ட வாய்ப்புற்றில், கழுத்தில் எதுவும் தட்டுப்படாதபோதே வாய் ஆபரேஷனோடு கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டால் மூன்று வருடப் பிழைப்பு 80 சதவீதம். 'வந்தால் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் 67.5 சதவீதம். நம் நாட்டு நோயாளிகளை வைத்து வந்து, உலகமே ஏற்றுக்கொண்ட முடிவு. வாய்ப்புற்றில் எந்தப் புரதச் சாயமும் இதுவரை இப்படி உயிர்களைக் காப்பாற்றியதில்லை. 'கழுத்தையும் திறக்கணுமா?' என்று உங்கள் வீட்டில் யாராவது தயங்கினால் இந்த இரண்டு எண்களைச் சொல்லுங்கள்.

கேள்வி (34 வயது, லாரி ஓட்டுநர்): பத்து வருடம் குட்கா போட்டேன். கன்னத்தில் வெள்ளைப் படலம். பயாப்சியில் புற்று இல்லை, 'லேசான டிஸ்பிளேசியா' என்றார்கள். இது புற்றாகுமா ஆகாதா என்று இந்தப் புரதங்களை வைத்துச் சொல்லிவிட முடியாதா மேடம்?

பதில்: தம்பி, டிஸ்பிளேசியா என்றால் செல்களின் அமைப்பில் கோளாறு, இன்னும் புற்றாகவில்லை. கட்டியடக்கிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். புற்று வந்த பிறகு சொல்வதைவிட வருமுன் சொல்வதில்தான் இவற்றுக்கு மதிப்பு அதிகம் என்று நம்புகிறேன்.

ஒவ்வொரு கட்டியடக்கி மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இரண்டும் போனால்தான் காவல் போகும். 1971-இல் நட்சன் என்ற மருத்துவர், குழந்தைகளுக்குக் கண்ணில் வரும் புற்றை ஆராய்ந்து இந்தக் கணக்கைச் சொன்னார். வெள்ளைப் படலத்தின் செல்களில் ஒரு பிரதி தொலைந்திருக்கிறதா என்று குரோமோசோம் வாரியாகப் பார்க்க முடியும். கனடாவில் 2000-இல் வந்த ஆய்வில், 3-ஆம், 9-ஆம் குரோமோசோம்களின் குட்டைக் கைகளில் (குட்டையான பாதிகளில்) மட்டும் இழப்பு இருந்த படலங்கள் புற்றாகும் அபாயம், அந்த இழப்பு இல்லாத படலங்களைவிடச் சுமார் 3.8 மடங்கு. அவற்றோடு வேறு கைகளிலும் இழப்பு இருந்தால் 33 மடங்கு. பி16 இருப்பது 9-இல். அந்த வேறு கைகளில் பி53 இருக்கும் 17-உம் ஆர்.பி. இருக்கும் 13-உம் உண்டு. நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே காவலர்கள்.

'அபாயம் அதிகம் என்று தெரிந்தால் மாத்திரை கொடுத்துத் தடுக்கலாமே' என்றும் பார்த்தார்கள். எர்லோட்டினிப் என்ற மருந்தைக் கொடுத்து 2016-இல் முடிவு வந்தது. இழப்பு இருந்தவர்களில் மூன்று வருடம் புற்று வராமல் இருந்தவர்கள் 74 சதவீதம், இல்லாதவர்களில் 87 சதவீதம். கணிப்பு பலித்தது. ஆனால் மருந்து பலிக்கவில்லை.

இந்தக் குரோமோசோம் சோதனை நம் ஊரில் அன்றாடம் செய்யும் ஒன்றாக இன்னும் ஆகவில்லை. அதற்காகக் காத்திருக்காதீர்கள். குட்காவை நிறுத்தியாயிற்றா? 'போட்டேன்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். வெறும் பாக்கையும் விட்டுவிடுங்கள். புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இலேயே சொல்லிவிட்டது. வாய் திறப்பது குறைகிறதா, காரம் பட்டால் எரிகிறதா என்று கவனியுங்கள். உங்கள் மருத்துவர் சொன்ன தேதிகளில் காட்டுங்கள், லோடு இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். வெள்ளைக்கு நடுவே சிவப்பு வந்தாலோ, தடித்தாலோ, ஆறாத புண் ஆனாலோ தேதி பார்க்காமல் உடனே போங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரு லட்சத்து தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வாயைத் திறக்கச் சொல்லி வெறும் கண்ணால் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2005-இல் வந்த முடிவு அது.

கேள்வி (நோயாளியின் மகன், தஞ்சாவூர்): அப்பாவுக்கு பி53 மாறியிருக்கிறதாம். மரபணு என்கிறார்கள். எனக்கும் என் பிள்ளைக்கும் வருமா?

பதில்: அந்த மாற்றம் அப்பாவின் கட்டிக்குள் உண்டானது. பிறக்கும்போதே இருந்து உங்களுக்கு வந்ததில்லை. பிறவியிலேயே பி53 கெட்டுவரும் குடும்பங்கள் உண்டு, ஆனால் மிக அரிது; அங்கே முக்கியமாக மார்பு, எலும்பு, தசை, மூளைப் புற்றுகள் வரும். வாய்ப்புற்றோடு நெருங்கிய தொடர்புள்ள பிறவிக் கோளாறு ஃபான்கோனி ரத்தசோகை, அதுவும் அரிது. அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வரக்கூடியது புகையிலை, பாக்குப் பொட்டலப் பழக்கம்தான். வீட்டில் அது இருந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

கேள்வி (இளம் அறுவை மருத்துவர்): ஓரம் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தும் அதே இடத்தில் திரும்ப வருகிறது. இதற்கும் பி53-க்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு டாக்டர். 1953-லேயே ஸ்லாட்டர் குழுவினர் கட்டியைச் சுற்றியுள்ள பகுதி முழுக்கவே பழுதாகியிருக்கிறது என்று சொன்னார்கள். ஒரு செடியில் நோய் தெரிந்தாலும் வயல் முழுக்கப் பாதித்திருக்கிற மாதிரி. 1995-இல் இதை பி53-ஐ வைத்துச் சோதித்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் ஓரம் சுத்தமாக இருந்த 25 பேரை எடுத்து, கட்டியில் இருந்த அதே பி53 மாற்றம் ஓரத்தில் இருக்கிறதா என்று தேடினார்கள். 13 பேருக்கு இருந்தது, அவர்களில் 5 பேருக்கு அங்கேயே திரும்ப வந்தது. இல்லாத 12 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் நான் ஓரத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது நினைவுக்கு வரும். என் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும் செல்லும் பழுதானதாக இருக்கலாம். ஆபரேஷன் முடிந்தவர்களை அடிக்கடி வரச்சொல்லிப் பார்ப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

கேள்வி (பிளஸ் டூ மாணவர்): யானைக்குப் புற்றுநோய் வராது, அதற்கு பி53 நிறைய இருக்கிறது என்பது உண்மையா?

பதில்: வராமலே இருக்காது, அதன் உடம்பின் அளவுக்கு ரொம்பக் குறைவாக வருகிறது. நமக்கு பி53 மரபணு ஒரு ஜோடி. யானைக்கு 20 ஜோடி வரை இருப்பதாக 2015-இல் கண்டறிந்தார்கள். டி.என்.ஏ.வில் அடிபட்ட யானைச் செல் சீக்கிரமே தன்னை அழித்துக்கொள்கிறது. நல்ல கேள்வி, உயிரியல் எடுத்துப் படியுங்கள்.

கேள்வி (பலர்): கெட்டுப்போன பி53-ஐச் சரிசெய்ய மருந்து உண்டா? மஞ்சள் சாப்பிட்டால் பி53 கூடுமா?

பதில்: நல்ல பி53 மரபணுவை ஒரு வைரஸில் ஏற்றிக் கட்டிக்குள் செலுத்தும் மருந்துக்குச் சீனா 2003-இல் தலை, கழுத்துப் புற்றுக்காக அனுமதி கொடுத்தது. மற்ற நாடுகளில் அது வழக்கமான சிகிச்சையாகவில்லை. இழந்துபோன ஒன்றைத் திரும்பக் கொடுப்பது, அதிகமாகிவிட்ட ஒன்றை மருந்தால் அடக்குவதைவிடக் கடினம்.

மஞ்சளைப் பற்றி: அதிலுள்ள குர்குமினை வெள்ளைப் படலம் உள்ள 223 பேரிடம் ஆறு மாதம் சோதித்து 2016-இல் எழுதினார்கள். படலம் சுருங்குவதில் ஓரளவு பலன் தெரிந்தது, ஆனால் மைக்ரோஸ்கோப்பில் செல்களின் கோளாறு குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அது வெள்ளைப் படலத்துக்குச் செய்த சோதனை. புற்று வந்தபின் மஞ்சளை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது கூடவே கூடாது. அப்படித் தள்ளிப்போட்டு ஆறு மாதம் கழித்து வந்தவர்களின் ஸ்லைடுகளை நான் பார்த்திருக்கிறேன். சோற்றுக்குக் குழம்பில் போடும் மஞ்சளைத் தாராளமாகப் போடுங்கள்.

கேள்வி (நோயாளியின் மகள், மதுரை, மறுபடியும்): நன்றி டாக்டர். அப்பாவை வேறு மருத்துவமனைக்கு மாற்றப்போகிறோம். அங்கே மறுபடி பயாப்சி எடுக்கணுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. முதலில் பயாப்சி செய்த இடத்தில் எழுத்துமூலம் கேட்டு, ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் காகித ரிப்போர்ட் போதாது. பிளாக் இருந்தால் புது இடத்தில் அதிலிருந்தே சீவி எந்தச் சாயமும் போட்டுக்கொள்வார்கள், அப்பாவுக்கு இன்னொரு வலி மிச்சம். வாங்கியதை வெயில் படும் இடத்திலோ வண்டியின் டேஷ்போர்டிலோ வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும். ஸ்லைடைத் தபாலில் அனுப்பாமல் கையிலேயே கொண்டுபோங்கள். டப்பாவின் மேலுள்ள எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று கவுண்டரிலேயே நின்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.